சாம்பல் கான்கிரீட்டும் ஒரு வீட்டுத் தளமும்

1. வண்டியை மறித்த நாள்

ஆரோக்கியம் போன் செய்தபோது நான் லேபில் க்யூப் உடைத்துக்கொண்டிருந்தேன்.

க்யூப் என்றால் கான்கிரீட்டில் வார்த்த சின்னக் கட்டி. பிளான்ட்டிலிருந்து வெளியே போகும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து அச்சில் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு மிஷினில் வைத்து அழுத்தி உடைப்போம். எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி உடைகிறதோ அதுதான் அந்தக் கான்கிரீட்டின் பலம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நான் சேர்ந்த வேலை இது. ரிட்டையர் ஆகும்வரை செய்த வேலையும் இதுதான். திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டு வேலையை முடித்துவிட்டு கம்பெனி வேன் ஏறினால், எரியோடு போகும் வழியில் இருந்த, கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் இறங்குவேன். வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு, பிளான்ட்டில் வீடுகளுக்குச் சோறு என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார்.

ஆரோக்கியம் மிக்சர் லாரி டிரைவர். நிதானமான ஆள். அன்றைக்கு மூச்சுவிடாமல் பேசினான்.

"மேடம், குஜிலியம்பாறையில வண்டிய மறிச்சுட்டாங்க. சாம்பலக் கலந்து ஏமாத்துறீங்களான்னு கேக்குறாங்க. டிரம்முல முழு லோடு கெடக்கு. எஞ்சின ஆஃப் பண்ணுன்னு ஒருத்தர் கம்ப எடுத்துக்கிட்டு நிக்கிறாரு."

"எஞ்சின மட்டும் நிறுத்திராத ஆரோக்கியம். டிரம் சுத்திக்கிட்டே இருக்கணும்."

"எம்புட்டு நேரம் மேடம் சுத்துறது? கெட்டியாயிக்கிட்டு வருது."

கான்கிரீட் டிரம்முக்குள் இறுகிவிட்டால் ஆளை உள்ளே இறக்கி மிஷின் வைத்து உடைக்க வேண்டும். அந்த வேலையில் ஆட்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இறுகுவதைத் தள்ளிப்போடும் கெமிக்கல் பிளான்ட்டில்தான் இருந்தது. கைக்குக் கிடைக்கும் மாற்று ஒன்று உண்டு.

"பக்கத்துல மளிகைக் கடை இருக்கா? சர்க்கரை வாங்கித் தண்ணியில கரைச்சு டிரம்முல ஊத்து."

"நாட்டுச் சர்க்கரையா, வெள்ளச் சர்க்கரையா மேடம்?"

"எது கெடைக்குதோ அத ஊத்து. நான் வாரேன்."

சர்க்கரை பட்டால் சிமெண்ட் இறுகாது. அந்த லோடு எதற்கும் ஆகாது, ஆனால் டிரம் பிழைத்துவிடும். நான் சொன்னது சரியான யோசனைதான். ஆனால் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஜீப்பில் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடியும் போன் வந்தது.

"மேடம், இப்ப சர்க்கரையையும் கலக்குறாங்கன்னு வீடியோ எடுக்குறாங்க."

2. முட்டு

விஷயம் இதுதான். அந்த ஊரில் பெரியசாமி என்ற விவசாயி வீடு கட்டிக்கொண்டிருந்தார். மானாவாரியில் கடலையும் சோளமும் போட்டுப் பிழைக்கும் குடும்பம். மார்கழிக் குளிரில் எங்கள் கான்கிரீட்டில்தான் மேல்தளம் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து மேஸ்திரி முருகேசன், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளையும் அதன் மேலிருந்த பலகைகளையும் பிரித்தெடுத்துவிட்டார். அடுத்த நாள், தளம் நன்றாக இறுகுவதற்காக மொட்டைமாடியில் பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் ஹாலுக்குள் சொட்ட ஆரம்பித்தது. அண்ணாந்து பார்த்தால் தளம் நடுவில் தொங்கியிருந்தது. "ரெடிமிக்ஸ்ல சாம்பலப் போட்டு அனுப்புறாங்க. அதான் இப்படி" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதே நேரத்தில் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு லோடு கொண்டுபோன ஆரோக்கியம் மாட்டிக்கொண்டான்.

நான் போய் இறங்கியதும் கூட்டம் வழிவிட்டது. பொம்பளை வந்து இறங்குவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"முதலாளி வரலையா? ஆபீஸ்காரம்மாவ அனுப்பிட்டாங்களா?" என்றார் கம்பு வைத்திருந்தவர்.

"நான் ஆபீஸ் இல்லண்ணே. இந்தக் கான்கிரீட்டுக்குப் பொறுப்பு நான்தான். எதா இருந்தாலும் என்னயக் கேளுங்க. மொதல்ல தளத்தப் பாத்துர்றேன்."

ஹால் அகலமானது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் தளம் நூலைவிட்டு நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. அடிப்பக்கத்தில் தலைமுடி போல விரிசல்கள். அவற்றில் ஈரம். கீழே ஒரு முட்டுகூட இல்லை. ஒரு மூலையில் பெரியசாமியின் மனைவி பஞ்சவர்ணம், சொட்டும் தண்ணீருக்குக் குண்டான் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நீங்க மொதல்ல வெளிய வாங்க" என்றேன். மேஸ்திரியிடம் திரும்பி, "முட்டெல்லாம் எங்கண்ணே?" என்றேன்.

"எரியோட்டுல ஒரு தளத்துக்கு ஏத்தி விட்டுட்டேன். அங்க நாளைக்குக் கான்கிரீட்டு" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவரும் பயந்துதான் இருந்தார். பயத்தில்தான் சாம்பல் என்று கத்தியிருக்கிறார்.

அந்த நேரத்தில் யார் மீது தப்பு என்று பேசிக்கொண்டிருந்தால், பேசி முடிப்பதற்குள் தளம் இன்னும் இறங்கும். வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "சண்டைய அப்பறம் போடுவோம். இப்ப இதுக்கு முட்டு குடுக்கணும். கம்பு எங்க கெடைக்கும்?"

பெரியசாமி, "பந்தக்காரர் வீட்டுல சவுக்குக் கம்பு அடுக்கிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். கல்யாணப் பந்தலுக்கு வாடகைக்கு விடும் கம்புகள் அவை. வண்டியை மறித்த ஆட்களே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி முருகேசன் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போனார். கூட ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டேன். விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒவ்வொன்றாக, பலகை கொடுத்து, அடியில் ஆப்பு தட்டி நிறுத்தச் சொன்னேன். தளத்தை மேலே தூக்க முயற்சி செய்யக்கூடாது, இருக்கிற இடத்தில் தாங்கினால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நானும் உள்ளேதான் நின்றேன். வெளியே நின்று கைகாட்டி வேலை வாங்க மனசு வரவில்லை. விரிசலில் இருந்து ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தபோது உடம்பே தூக்கிப்போட்டது.

கடைசிக் கம்பும் நின்ற பிறகு, மாடியில் இருந்த பாத்தித் தண்ணீரை வடிக்கச் சொன்னேன். அந்தக் கனத்தை உடனே இறக்க வேண்டியிருந்தது. இனி ஈரச்சாக்கு போட்டு நனைத்தால் போதும் என்றேன். அதற்கப்புறம்தான் எனக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றியது. ஆரோக்கியத்தின் வண்டியை விட்டுவிட்டார்கள். சர்க்கரை போட்ட லோடை அவன் பிளான்ட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினான்.

3. பஞ்சவர்ணம் கேட்டவை

செம்பில் தண்ணீர் கொடுத்தது பஞ்சவர்ணம்தான். கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அழவில்லை, திட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"தாயி, நெசமாவே சாம்பல் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கோம்க்கா. சிமெண்டுல கால்வாசிய எடுத்துட்டு அதுக்குப் பதிலா போட்டிருக்கோம்."

"எந்தச் சாம்பல்? செங்கச் சூளையா, சுடுகாடா?"

"கரண்டு எடுக்குறதுக்கு நெலக்கரி எரிக்கிறாங்கள்ல, அந்தச் சாம்பல். மாவு மாதிரி இருக்கும்."

"அப்ப அது குப்பதான?"

"அவங்களுக்குக் குப்பைதான்க்கா. சிமெண்டோட சேந்தா நமக்கு உதவும். தண்ணி எறங்காது, கம்பி சீக்கிரம் துருப்பிடிக்காது. நாடு பூரா அணைக்கட்டுக்கும் பாலத்துக்கும் போடுறாங்க. ஆனா மொத கொஞ்ச நாள் மெதுவாத்தான் எறுகும். குளுருல இன்னும் மெதுவா. அதனால முட்ட சீக்கிரம் எடுக்கக்கூடாது. இம்புட்டு அகல ஹாலுக்கு மூணு வாரமாவது நிக்கணும்."

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. சொல்லும்போதே அலுப்பு தட்டும். கேட்பவர் முகத்தில் ஒரு நம்பாமை வரும்; கலப்படம் செய்தவளே கலப்படத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று. பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று சொல்வது மாதிரி அவர்களுக்குக் கேட்கும்.

பஞ்சவர்ணம் விடவில்லை. "ஒங்க சொந்த வீட்டுக்கு இதப் போடுவீங்களா?"

"நான் வாடகை வீட்டுல இருக்கேன்க்கா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்த நாளில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியமான விஷயம். "மூணு வாரம்னு எங்ககிட்ட யாரும் சொல்லலயே. ஒங்க ஆளு பிரகாசு போன்ல சொன்னது வேற. மேஸ்திரி ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாரு, நான் இங்கன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். 'சாதாக் கான்கிரீட்டு மாதிரிதாண்ணே, ஒரு வாரத்துல தாராளமாப் பிரிச்சுக்கங்க'ன்னாரு."

பிரகாஷ் எங்கள் சேல்ஸ் பையன். முருகேசனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மேடம். ஆனா நானும் அகலத்தப் பாத்து யோசிச்சிருக்கணும். எரியோட்டுக்காரர் நெருக்குனாரு. பிரிச்சுட்டேன்" என்றார்.

அவரிடம் ஒன்று கேட்டேன். "நீங்க கடையில வாங்குற சிமெண்டு மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு பாத்திருக்கீங்களாண்ணே? பெரும்பாலும் பி.பி.சி.தான். அதுலயும் இதே சாம்பல்தான் இருக்கு."

"அது கம்பெனியில கலக்குறது மேடம். நீங்க கலக்குறது வேற" என்றார்.

செம்பைப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

4. முதலாளி சொன்னது

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஹாலோபிளாக் அறுத்துக் கையில் காப்புக் காய்த்து மேலே வந்தவர். எனக்குப் பிரசவம் ஆனபோது சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

"ராணி மேடம், ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுல உக்காந்து பேசுறாங்க. திண்டுக்கல்லுல இருந்து இஞ்சினியர் ஒருத்தரக் கூட்டிட்டு வாராங்க. நீங்கதான் பேசணும். நம்ம கான்கிரீட்டு சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் சார் இருந்துச்சு. அன்னைக்கு எடுத்த க்யூப் எல்லாம் இருக்க வேண்டிய அளவுல இருக்கு."

"அப்பறம் என்ன? மேஸ்திரி அவசரப்பட்டுப் பிரிச்சாரு. அத மட்டும் சொல்லுங்க."

"பிரகாஷ் ஒரு வாரம்னு சொல்லியிருக்கான் சார்."

"சேல்ஸ்ல ஆயிரம் சொல்லுவாங்க. அது எழுத்துல இருக்கா? மேஸ்திரிக்குப் பேரு கெட்டா அடுத்த வருசம் வேற ஊருல வேலை பாத்துக்குவாரு. பிளான்ட்டுக்குக் கெட்டா நம்ம அம்புட்டு பேரும் வீட்டுக்குப் போகணும். யோசிங்க."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் அதே யோசனை. மேஸ்திரி அவசரப்பட்டார் என்பது உண்மை. அதை மட்டும் சொன்னால் நான் பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் அந்த ஊரில் அவர் தலையில் விழப்போவது ஒரு வீட்டுப் பழி. அதைத் தூக்கிக்கொண்டு அவர் எந்த ஊருக்குப் போவார்? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பிள்ளைக பீஸ் கட்டணும்கிறத மட்டும் மனசுல வச்சுக்க. மத்தது ஒன் இஷ்டம்" என்றார். அதுவும் ஒரு பதில்தானே.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில், சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இஞ்சினியர் வயதானவர், நிதானமாகக் கேட்டார். "முட்டு எப்ப எடுக்கணும்னு சைட்டுக்குச் சொன்னது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். முருகேசன் தரையைப் பார்த்தார்.

"சார், கலவையில தப்பு இல்ல. க்யூப் எல்லாம் பிளான்ட்டுல இருக்கு, வந்து பாக்கலாம்" என்று தொடங்கினேன். "இம்புட்டு அகலமான ஹாலுக்கு ஒரு வாரத்துல முட்டு எடுத்தது மேஸ்திரி செஞ்ச தப்பு. ஒரு வாரத்துல எடுக்கலாம்னு சொன்னது எங்க ஆளு. சாம்பல் இருக்கு, மெதுவா எறுகும்னு எங்க கம்பெனியில இருந்து யாரும் இவங்களுக்குச் சொல்லல. அது எங்க தப்பு."

பஞ்சவர்ணம்தான் முதலில் பேசினார். "இதத்தான நாங்களும் கேட்டோம். யாராவது ஒருத்தரு சொல்லணும்ல."

முதலாளி எழுந்து வெளியே போய்ப் போன் பேசுவது போல நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "ஆக வேண்டியதச் சொல்லுங்க. எங்க பங்கு நாங்க செய்யுறோம்" என்றார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. திரும்பி வரும்போது ஜீப்பில் வேடசந்தூர் பிரிவு தாண்டும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாண்டிய பிறகும் பேசவில்லை.

5. தூண்

தளத்தை இடிக்க வேண்டாம் என்று இஞ்சினியர் முடிவு செய்தார். முதலில் அதன் பலத்தைத் தெரிந்துகொள்ள கோர் எடுக்க வேண்டும் என்றார். தளத்தில் வட்டமாகத் துளைத்து ஒரு உருளையை வெட்டி எடுத்துச் சோதிப்பதுதான் கோர்.

"இருக்குற விரிசல் பத்தாதுன்னு ஓட்ட வேற போடப்போறீங்களா?" என்று பெரியசாமி சண்டைக்கு வந்தார். பஞ்சவர்ணம்தான் அவரைச் சமாதானப்படுத்தினார். மிஷின் துளைத்து முடித்ததும் நான் அந்த உருளையைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தேன். சாம்பல் நிறத்தில், ஜல்லி எல்லாம் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு கனமாக இருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை.

"இது நல்லாத்தான இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான்க்கா இருக்கு."

"பெறகு ஏன் தொங்குச்சு?"

"நல்லாவுறதுக்கு முன்னாடி கைய எடுத்துட்டோம்."

கோர் ரிசல்ட் நன்றாகவே வந்தது. ஆனாலும் தொங்கிய தளம் தானாக நிமிராது. ஹாலின் குறுக்கே ஒரு இரும்பு கர்டர் கொடுத்து, நடுவில் அதற்கு ஒரு தூண் நிறுத்த வேண்டும் என்று இஞ்சினியர் சொன்னார். கர்டரும் தூணும் கம்பெனி செலவு. நிறுத்தும் வேலையை முருகேசன் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். பெரியசாமி ஒத்துக்கொண்டார். பஞ்சவர்ணம் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். "மக வளைகாப்ப இந்த ஹால்லதான் வைக்கணும்னு நெனச்சேன். சொந்தக்காரவுக எல்லாம் ஒண்ணா உக்காரட்டும்னுதான் தூணே இல்லாம கேட்டோம்."

அந்தத் தளத்துக்காக வார்த்த க்யூப்களில் சிலவற்றை உடைக்காமல் தொட்டியிலேயே விட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் போல ஆன பிறகு எடுத்து உடைத்தேன். பலம் தேவையான அளவை நன்றாகவே தாண்டியிருந்தது. சாம்பல் தன் வேலையை மெதுவாகச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மனசு தாங்காமல் பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம தளம் நல்ல பலமா வந்திருச்சு."

"அப்ப தூணு வேணாமா?"

"இல்லக்கா. தொங்குனது தொங்குனதுதான். தூணு இருக்கணும்."

"சரி தாயி. தூணுக்குப் பெயிண்டும் அடிச்சாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிரகாஷ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கேயும் சேல்ஸ்தான். முருகேசன் ரெடிமிக்ஸ் பக்கமே வருவதில்லை. மூட்டை சிமெண்ட் வாங்கி மிக்சர் மிஷினில் போடுகிறார். குஜிலியம்பாறைப் பக்கம் எங்களுக்கு ஆர்டர் வருவது ரொம்ப நாள் நின்றுபோயிருந்தது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் கஸ்டமர் மீட்டிங் எதற்கும் பிறகு கூப்பிடவில்லை. "நீங்க லேபப் பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டார்.

லேபைத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் நானாக ஏற்படுத்திக்கொண்டேன். தளத்துக்கு லோடு போகும் நாளெல்லாம், முட்டைப் பிரிக்கப்போகும் ஆள் யார் என்று விசாரித்து, அவரிடமே நேராகப் பேசுவேன். வீட்டு ஓனரிடம் சொன்னால் போதாது, இஞ்சினியரிடம் சொன்னாலும் போதாது. பிரிக்கிற கைக்குத் தெரிய வேண்டும். "அண்ணே, இதுல சாம்பல் இருக்கு. மெதுவா எறுகும். நான் சொல்ற வரைக்கும் முட்டத் தொடாதீங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இப்போது சாம்பல் மட்டும் இல்லை. இரும்பு ஆலைக் கசடு, இன்னும் என்னென்னவோ சிமெண்டுக்குப் பதிலாக வருகிறது. வரட்டும், நல்லதுதான். எது வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் கேட்ட மாதிரி தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவர்களுக்கு மறுநாளும் போன் போட்டுச் சொல்லுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.